'ரத்தம் வேணும்'னு மட்டும் சொன்னா போதுமா? ஸ்பெஷல் ரத்தமும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரும்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்தது. 'அவசரம். பி பாசிட்டிவ் பிளேட்லெட் தேவை. இர்ரேடியேட்டட் மட்டும்.' அடுத்த அஞ்சு நிமிஷத்துல பதில்கள் குவிய ஆரம்பிச்சுது. 'இர்ரேடியேட்டட்னா என்ன?'னு ஒருத்தர். 'கதிர்வீச்சு கொடுத்த ரத்தமா? ஐயோ, அதெல்லாம் ஏத்திக்க வேணாம்னு சொல்லுங்க'னு ஒரு அங்கிள். 'பேஷன்ட்டோட சொந்தத் தம்பியே பி பாசிட்டிவ்தானாம், ரெடியா நிக்கிறாராம். அப்புறம் எதுக்கு வெளியில தேடுறாங்க?'னு இன்னொருத்தர்.

உண்மையைச் சொல்லணும்னா, அன்னிக்கு எனக்கும் பதில் தெரியாது. ரத்தம்னா குரூப் பொருந்தினா போதும்னுதான் நானும் நினைச்சிருந்தேன். தேடிப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் புரிஞ்சது, குரூப் பொருந்துறது முதல் படி மட்டும்தான். சில நோயாளிகளுக்கு அதே குரூப் ரத்தமே ஆபத்தாகலாம். அந்த நோயாளி யாருங்கிறதை ஞாபகம் வெச்சுக்கிற வேலையை இப்போ பல மருத்துவமனைகள்ல கம்ப்யூட்டர்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. அந்தக் கம்ப்யூட்டர் எங்கே உதவும், எங்கே கைவிடும்னு நோயாளியோட குடும்பத்துக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

ரத்தத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும் விருந்தாளி

ஒருவர் தானம் கொடுக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள், தட்டணுக்களோடு சேர்ந்து அவருடைய வெள்ளை அணுக்களும் வரும். அதில் 'டி லிம்போசைட்' என்று ஒரு வகை உண்டு. நம் உடம்பின் காவல்காரர்கள் இவர்கள். யார் நம்மவர், யார் அந்நியர் என்று பார்த்துத் தாக்குவதுதான் இவர்களின் வேலை. சாதாரணமாக, வேறொருவருடைய டி செல்கள் நம் உடம்புக்குள் வந்தால் நம்முடைய காவல்காரர்கள் அவற்றைச் சில நாள்களில் ஒழித்துவிடுவார்கள். பிரச்னையே இல்லை.

ஆனால், நம்முடைய காவல்காரர்கள் பலம் இழந்து கிடந்தால்? வந்த டி செல்கள் அங்கேயே தங்கிப் பெருகும். அவற்றின் பார்வையில் இந்த உடம்பு முழுவதுமே அந்நியம். தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்கத் தொடங்கும். ரத்தம் ஏற்றிய ஓரிரு வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு எல்லா ரத்த அணுக்களும் குறைவது என்று போகும். 'டிரான்ஸ்ஃபியூஷன் அசோசியேட்டட் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ்' என்பது இதன் பெயர். மிக மிக அபூர்வமாகத்தான் வரும். ஆனால், வந்தால் 90 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் பிழைப்பதில்லை. பலன் உறுதியான சிகிச்சை என்று எதுவும் இல்லை.

இவ்வளவு பயங்கரமான ஒன்றைத் தடுப்பது அவ்வளவு எளிது என்பதுதான் ஆச்சர்யம். ரத்தப் பையை ஒரு கருவிக்குள் வைத்துச் சில நிமிடங்கள் கதிர்வீச்சு கொடுப்பார்கள். குறைந்தபட்ச அளவு 25 கிரே. டி செல்கள் பெருகும் சக்தியை இழந்துவிடும். சிவப்பணுக்களும் தட்டணுக்களும் வழக்கம்போல வேலை பார்க்கும். எங்க குரூப் அங்கிளுக்கு வந்த பயம் பலருக்கும் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்ரே எடுத்ததும் நம் உடம்பு கதிர்வீச்சை வெளியிட ஆரம்பிக்கிறதா என்ன? அதுபோலத்தான் இதுவும். அந்தப் பை கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை.

தம்பி ரெடியா நின்னா என்ன தப்பு?

'வெளியாள் ரத்தத்தை நம்ப முடியாது, நம்ம வீட்டு ரத்தம்தான் பாதுகாப்பு' என்பது நம் ஊரில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. இந்த நோயைப் பொறுத்தவரை விஷயம் நேர் எதிர்.

ஹெச்.எல்.ஏ எனப்படும் அடையாளக் குறிகள் நம் பெரும்பாலான செல்களின் மேலும் இருக்கும். அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட். நோயாளியிடம் 'அ', 'ஆ' என்று இரண்டு செட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரத்தம் கொடுக்கும் உறவினரிடம் 'அ', 'அ' என்று ஒரே செட் இரண்டு முறை இருக்கிறது. இப்போது நோயாளியின் உடம்பு, வந்த செல்லைப் பார்த்து 'அ-வா, நம்ம ஆளுதான்' என்று கதவைத் திறந்துவிடும். ஆனால், உள்ளே வந்த செல்லோ நோயாளியின் 'ஆ'-வைப் பார்த்து 'இது யாரு புதுசா?' என்று தாக்கத் தொடங்கும். நோயாளிக்கு எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தாலும் இது நடக்கலாம். அதனால்தான் நெருங்கிய ரத்த சொந்தங்கள் கொடுக்கும் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றக் கூடாது என்பது விதி.

ஒரே மாதிரி இரண்டு செட் அமைவதற்கான வாய்ப்பு, பெற்றோர் சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்களாக இருந்தால் கூடும். அத்தை பையன், மாமன் பொண்ணு கல்யாணங்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானை உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே மக்களிடையே ஹெச்.எல்.ஏ ஒற்றுமை அதிகம் என்பதால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தவர்களுக்குக்கூட இந்த நோய் வந்தது. 1998 முதல் ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நாடு முழுவதும் நடைமுறையாக்கினார்கள். 2000-க்குப் பிறகு உறுதிசெய்யப்பட்ட பாதிப்பு அங்கே இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை திட்டமிட்டிருக்கும் நோயாளிக்கு, நாளைக்கு மஜ்ஜை கொடுக்கப்போவது அதே தம்பியாக இருக்கலாம். இன்றைக்கு அவருடைய ரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடம்பு அவருடைய செல்களுக்கு எதிராக முன்கூட்டியே பழகிவிடும். பிறகு மஜ்ஜை ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம்.

யாருக்கெல்லாம் தேவை?

மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொள்பவர்கள், பிறவியிலேயே டி செல் குறைபாடு உள்ள குழந்தைகள், கருவில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றப்பட்ட சிசுக்கள், ஃப்ளூடராபின், கிளாட்ரிபின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள், ஹாட்கின் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்கள். கடைசி வகையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பிரிட்டனின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஹாட்கின் வந்தவர்களுக்கு இது வாழ்நாள் முழுக்கத் தேவை. அதாவது, 22 வயதில் சிகிச்சை முடித்து, பூரண குணமாகி, கல்யாணம் ஆகி, அந்த நோயையே மறந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு 35 வயதில் பிரசவத்தின்போது ரத்தம் தேவைப்பட்டாலும் இது பொருந்தும். பிரசவ வார்டில் அதைக் கேட்கப்போவது யார்?

கதிர்வீச்சு மட்டும்தான் ஸ்பெஷல் என்றில்லை. வெள்ளை அணுக்களை ஃபில்டர் மூலம் வடிகட்டிய ரத்தம் உண்டு. பிரிட்டனில் 1999-லிருந்து எல்லா ரத்தமும் இப்படி வடிகட்டித்தான் வருகிறது. நமக்கு அது கேட்டால் கிடைப்பது. மாதம்தோறும் ரத்தம் ஏற்றும் தலசீமியா குழந்தைகளுக்கு ஏ, பி, ஓ மட்டும் பார்த்தால் போதாது. ஆர்.ஹெச் வகையின் உட்பிரிவுகள், கெல் போன்ற அடையாளங்களும் பொருந்தினால் நல்லது. இல்லையென்றால் உடம்பில் எதிரணுக்கள் உருவாகி, போகப்போகப் பொருந்தும் ரத்தம் கிடைப்பதே கஷ்டமாகிவிடும். பிளாஸ்மா புரதத்தால் கடுமையான அலர்ஜி வருபவர்களுக்குக் கழுவிய சிவப்பணுக்கள். இப்படிப் பட்டியல் போகும்.

இதில் கம்ப்யூட்டர் எங்கே வருது?

பழைய முறை நமக்குத் தெரிந்ததுதான். டாக்டர் ஒரு படிவத்தில் எழுதுவார், அட்டெண்டர் கையில் கொடுத்து பிளட் பேங்குக்கு அனுப்புவார்கள். 'இர்ரேடியேட்டட்' என்ற வார்த்தை அந்தப் படிவத்தின் ஓரத்தில், டாக்டர் கையெழுத்தில் இருக்கும். அல்லது இருக்காது. ராத்திரி 2 மணிக்கு டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் அந்த நோயாளியை முதல் முறையாகப் பார்க்கிறவராக இருப்பார். ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது, ஒரு யூனிட் எழுதுவோம் என்று எழுதுவார். அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? நோயாளிக்கு 3 வருஷத்துக்கு முன்னால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது கட்டுக்கட்டான ஃபைலில் எங்கோ கிடக்கிறது.

எலெக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டு இருக்கும் மருத்துவமனையில், டாக்டர் தன் பாஸ்வேர்டு போட்டு நோயாளியின் பக்கத்தைத் திறப்பார். சிவப்பணுவா, தட்டணுவா, பிளாஸ்மாவா என்று தேர்ந்தெடுப்பார். கடைசியாக எடுத்த ஹீமோகுளோபின் அளவு பக்கத்திலேயே தெரியும். எதற்காக என்று காரணம் குறிக்கணும். அதற்குக் கீழே கட்டங்கள்: கதிர்வீச்சு கொடுத்தது, வெள்ளை அணு நீக்கியது, கழுவியது என்று. டிக் செய்து அனுப்பினால் ரத்த வங்கியின் திரையில் ஆர்டர் வந்து நிற்கும். நோயாளியின் கையில் கட்டியிருக்கும் பட்டையின் பார்கோடு, ரத்த மாதிரிக் குழாயின் பார்கோடு, கடைசியில் ஏற்றப்போகும் பையின் பார்கோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் சில இடங்களில் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அந்த டிக் எங்கே பதிவாகிறது என்பதில்தான் சூட்சுமம். ஆர்டரில் மட்டும் பதிவானால், அடுத்த முறை ஆர்டர் போடுபவரும் ஞாபகமாக டிக் செய்யணும். பத்து முறை செய்து பதினோராவது முறை மறந்தால் காகிதத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசமே இல்லை. 'இந்த நோயாளிக்கு எப்போதும் இதுதான்' என்று நோயாளியின் பெயரோடு ஒட்டிவிட்டால், யார் எப்போது ஆர்டர் போட்டாலும் அந்தக் கட்டம் தானாக டிக் ஆகி வரும். இன்னும் ஒரு படி மேலே போனால், கணினியில் ஃப்ளூடராபின் மருந்தை எழுதிய உடனேயே ரத்த வங்கிக்குத் தகவல் போகும்படி அமைக்கலாம். மருந்து எழுதும் டாக்டரும் ரத்தம் எழுதும் டாக்டரும் பெரும்பாலும் வேறு வேறு ஆள்கள் என்பதால், என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான ஏற்பாடு.

இன்னொரு சிக்கல், பல இடங்களில் வார்டு சாஃப்ட்வேர் வேறு, ரத்த வங்கி சாஃப்ட்வேர் வேறு. ஒன்றில் போட்ட குறிப்பு மற்றதில் தெரியணும் என்ற கட்டாயம் இல்லை. ரெண்டும் பேசிக்கொள்கின்றனவா என்பதை சாஃப்ட்வேர் வாங்கும்போதே பார்க்கணும். பல நேரம் வாங்கின பிறகுதான் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் 'ஷாட்' என்ற அமைப்பு 1996-லிருந்து ரத்தம் ஏற்றுவதில் நடக்கும் தவறுகளைத் திரட்டி வருஷா வருஷம் அறிக்கை வெளியிடுகிறது. யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, எங்கே ஓட்டை என்று பார்ப்பதற்காக. சமீப வருடங்களின் அறிக்கைகளில் சுமார் 80 சதவிகித சம்பவங்கள் மனிதத் தவறுகளால் நடந்தவை. அதில் 'நோயாளியின் சிறப்புத் தேவை கவனிக்கப்படவில்லை' என்பதற்குத் தனித் தலைப்பே உண்டு. கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் தேவைப்பட்டவருக்குச் சாதாரண ரத்தம் போன சம்பவங்கள் அந்தத் தலைப்பின் கீழ் தொடர்ந்து வருகின்றன. நல்ல கம்ப்யூட்டர்கள் உள்ள நாட்டில்தான் இதுவும். காரணம், தகவல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகவில்லை.

கேள்வி கேட்கும் திரை

கம்ப்யூட்டர் உருப்படியாகச் சாதித்த இடத்தையும் சொல்லணும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் 2010-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்போது டாக்டர் சிவப்பணு ஆர்டர் போட்டால், 'இவருக்கு இந்த அளவு இருக்கிறதே, வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறதே' என்று திரை கேட்கும். தடுக்காது. காரணம் சொல்லிவிட்டு ஆர்டரைத் தொடரலாம். அவ்வளவுதான் மாற்றம். 2009-லிருந்து 2012-க்குள் அங்கே ஏற்றப்பட்ட சிவப்பணு யூனிட்டுகள் 24 சதவிகிதம் குறைந்தன. நோயாளிகளின் நிலைமை அதனால் மோசமாகவில்லை. ஏற்றாத ரத்தத்துக்குப் பக்க விளைவே கிடையாது இல்லையா!

ஆனால், திரை எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நம் போனில் வரும் 'அனைத்து நிபந்தனைகளையும் ஏற்கிறேன்' கதைதான். படிக்காமல் அழுத்திவிட்டுப் போவோம். டாக்டர்களும் மனுஷங்கதானே. எனவே, குறைவாக, தேவையான இடத்தில் மட்டும் எச்சரிக்கை வருவதுபோல அமைப்பது ஒரு தனிக் கலை.

கேட்டைத் தாண்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது

வேலூர் சி.எம்.சி-யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்து நோயாளிகள் அங்கே வந்து, மாதக்கணக்கில் தங்கி, பிறகு சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். பெரிய சிகிச்சை ஓர் ஊரில், தொடர் கவனிப்பு இன்னோர் ஊரில். புற்றுநோய் சிகிச்சைக்குச் சென்னை, மதுரை என்று வரும் பலருக்கும் இதே கதைதான். பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் 'கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் மட்டும்' என்று பத்திரமாகப் பதிவாகியிருக்கும். சொந்த ஊரில் திடீரென்று ஹீமோகுளோபின் குறைந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கிருக்கும் கம்ப்யூட்டருக்கு இவர் ஒரு புது நோயாளி. ஓ பாசிட்டிவ். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பிரிட்டனில் இதற்கு மிகப் பழைய உத்தி ஒன்று வைத்திருக்கிறார்கள்: பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை. 'எனக்குக் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும்' என்று அச்சடித்தது. நம் நாட்டில் 14 இலக்க 'ஆபா' எண்ணோடு மருத்துவப் பதிவுகளை இணைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால், இரண்டு மருத்துவமனைகளும் அதில் இணைந்து, பதிவையும் ஏற்றியிருந்தால்தான் பலன். 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' தளத்தில், எந்த ரத்த வங்கியில் எந்த குரூப் எவ்வளவு இருப்பு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால், உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன தேவை என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லணும்.

அதனால், வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய், லிம்போமா, மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று ஏதாவது நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'இனிமே ரத்தம் ஏத்தணும்னா ஸ்பெஷலா ஏதாவது வேணுமா டாக்டர்? எவ்வளவு நாளைக்கு?' பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து, நோயாளியின் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். வேறு மருத்துவமனையில் அட்மிட் ஆனால், குரூப்பைச் சொல்லும்போதே இதையும் சொல்லி, 'சிஸ்டத்துல ஏத்திட்டீங்களா?' என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம்.

நேரமும் முக்கியம். கதிர்வீச்சு கொடுக்கும் கருவி எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை. பையை வேறு இடத்துக்கு அனுப்பி வாங்கவேண்டி வரலாம். முன்கூட்டியே நிறைய தயாரித்து வைக்கவும் முடியாது. கதிர்வீச்சு பட்ட சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும் என்பதால் அவற்றின் ஆயுள் குறைவு, பிரிட்டனில் 14 நாள்தான் கணக்கு. கருவில் இருக்கும் சிசுவுக்கு என்றால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தணும். எனவே, நாளைக்கு ஏற்றப்போகும் ரத்தத்துக்கு இன்றைக்கே ஆர்டர் போகிறதா என்று பாருங்கள். விபத்து, பிரசவ ரத்தப்போக்கு என்று உயிர் ஊசலாடும் நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது ஸ்பெஷல் ரத்தத்துக்காகக் காத்திருந்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும். கிடைக்கிற ரத்தத்தை ஏற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், தடுக்காதீர்கள்.

பையில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள். சில இடங்களில் ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும். 'கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கதிர்வீச்சு பட்டதும் அதில் உள்ள 'இல்லை' என்ற வார்த்தை மட்டும் நிறம் மாறி மறைந்துபோகும். கரன்ட் போனாலும் சர்வர் நின்றாலும் வேலை செய்கிற தொழில்நுட்பம்!

எங்க குரூப் கதைக்கு வருவோம். சாயங்காலத்துக்குள்ள பிளேட்லெட் கிடைச்சிடுச்சு, முகம் தெரியாத யாரோ கொடுத்தது. தம்பியும் சும்மா திரும்பலை. அதே ரத்த வங்கியில ஒரு யூனிட் கொடுத்துட்டு, 'இது அக்காவுக்கு வேணாம், வேற யாருக்காவது குடுங்க'னு சொல்லிட்டு வந்தாராம். அக்காவுக்கு மஜ்ஜை பொருந்துதான்னு பார்க்க அவரோட டெஸ்ட் ரிசல்ட்டுக்காக இப்போ காத்திருக்காங்க.